இறங்குவது எளிது, ஏறுவது அரிது!

பழைய கதைகளிலும் திரைப்படங்களிலும் ஒரு காட்சி அடிக்கடி வரும். எதிரிகள் துரத்துகிறார்கள். கதாநாயகன் குளத்தில் குதித்து மறைந்துவிடுகிறான். துரத்தி வந்தவர்கள் கரையில் நின்று தேடுகிறார்கள். நீர்ப்பரப்பில் ஒரு நாணல் குழாயின் நுனி மட்டும் தெரிகிறது. கதாநாயகனோ அதன் வழியாக மூச்சுவிட்டுக்கொண்டு குளத்தின் அடியில் சுகமாக உட்கார்ந்திருக்கிறான்! பார்ப்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இது நடக்கக்கூடியதா?

நீர்ப்பரப்புக்கு ஒரு சாண் கீழே என்றால் நடக்கும். ஒரு மீட்டர் ஆழம் என்றால் நடக்காது. ஏன் என்று ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு மீட்டர் ஆழத்தில், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் பரப்பின் மீதும் 100 கன சென்டிமீட்டர் நீர் நிற்கிறது. அதன் எடை 100 கிராம். உங்கள் மார்பின் முன்பக்கம் 30 சென்டிமீட்டர் நீளமும் 30 சென்டிமீட்டர் அகலமும் உள்ளது என்று வைத்துக்கொண்டால் அதன் பரப்பு 900 சதுர சென்டிமீட்டர். ஆகவே உங்கள் மார்பை நீர் அழுத்தும் விசை 90 கிலோகிராம் எடைக்குச் சமம்! ஒரு மூட்டை அரிசிக்கும் மேலாகவே வருகிறது. ஆனால் குழாய் வழியே உங்கள் நுரையீரலுக்கு வரும் காற்றோ, நீருக்கு மேலே உள்ள சாதாரணக் காற்று. அந்தச் சுமையை எதிர்த்துத் தள்ள அதற்கு வலு இல்லை. மார்பின் மீது ஓர் ஆள் ஏறி நிற்கும்போது மூச்சை உள்ளே இழுத்துப் பாருங்கள். அதுதான் கதாநாயகனின் நிலைமை. மேலும் குழாய் நீளமாக இருந்தால், வெளியே விட்ட மூச்சே திரும்பத் திரும்ப உள்ளே வரும். நீந்துவோர் வாயில் வைத்துக்கொள்ளும் மூச்சுக்குழாய் ஓர் அடிக்குச் சற்று மேல் நீளமாக மட்டுமே இருப்பது இதனால்தான்.

இதிலிருந்து ஓர் உண்மை விளங்குகிறது. நீருக்கடியில் மூச்சுவிட வேண்டுமானால், நாம் உள்ளே இழுக்கும் காற்றின் அழுத்தம் அந்த ஆழத்திலுள்ள நீரின் அழுத்தத்திற்குச் சமமாக இருக்க வேண்டும். இந்த ஒரு வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். முக்குளித்தல் என்னும் கலையும் அதன் ஆபத்துகளும் இதிலிருந்தே பிறக்கின்றன.

பத்து மீட்டருக்கு ஒரு வளிமண்டலம்

நம் தலைக்கு மேலே உள்ள காற்றுக்கடல் நம்மை அழுத்திக்கொண்டே இருக்கிறது என்பதைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். அதை ஒரு வளிமண்டல அழுத்தம் என்கிறோம். கடல்நீரில் 10 மீட்டர் இறங்கினால் இன்னொரு வளிமண்டல அழுத்தம் சேர்ந்துவிடுகிறது. ஆக, 10 மீட்டரில் 2 வளிமண்டலம், 20 மீட்டரில் 3, 30 மீட்டரில் 4 என்று அழுத்தம் ஏறுகிறது. எத்தனையோ கிலோமீட்டர் உயரமுள்ள காற்று தரும் அழுத்தத்தை, ஒரு தென்னை மரத்தின் உயரம்கூட இல்லாத நீர் தந்துவிடுகிறது!

அப்படியானால் முக்குளிப்பவரின் உடல் நசுங்கிவிடாதா? நசுங்காது. நம் உடலில் பெரும்பகுதி நீர். நீரை எளிதில் அமுக்க முடியாது. தசை, இரத்தம், எலும்பு எல்லாம் 30 மீட்டர் ஆழத்திலும் தம் அளவில் மாறுவதில்லை. மாறுவது உடலில் காற்று உள்ள இடங்கள்தாம்: நுரையீரல், நடுச்செவி, முகத்து எலும்புகளிடையே உள்ள சிறு அறைகள்.

இங்கேதான் ராபர்ட் பாயில் 1662-இல் வெளியிட்ட விதி வருகிறது. வெப்பநிலை மாறாதபோது வாயுவின் அழுத்தம் இரு மடங்கானால் பருமன் பாதியாகும். அழுத்தம் மூன்று மடங்கானால் பருமன் மூன்றில் ஒரு பங்காகும். இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஒரு பிளாஸ்டிக் புட்டியில் கழுத்துவரை நீர் நிரப்புங்கள். மருந்து விடும் சொட்டுக்குழாய் ஒன்றில் பாதியளவு நீர் ஏற்றி, அது மூழ்காமல் மட்டுமட்டாக மிதக்கும்படி செய்து, புட்டிக்குள் போட்டு மூடியை இறுக்குங்கள். இப்போது புட்டியைக் கையால் அழுத்துங்கள். சொட்டுக்குழாய் கீழே இறங்கும்! கையை எடுத்தால் மேலே வரும். அழுத்தும்போது குழாய்க்குள் உள்ள காற்று சுருங்குகிறது, அந்த இடத்தில் நீர் புகுகிறது, குழாய் கனக்கிறது. கடலில் இறங்கும் மனிதனுக்கும் இதுவே நேர்கிறது. மேற்பரப்பில் மிதப்பவன், மூச்சை அடக்கி ஆழத்துக்குப் போகப்போக நெஞ்சு சுருங்கி, தானாகவே மூழ்கத் தொடங்குகிறான்.

அழுத்தத்தை முதலில் உணர்வது காது. கிணற்றில் இரண்டு ஆள் ஆழம் மூழ்கியவர்களுக்குக் காதுவலி தெரியும். வெளியே நீரின் அழுத்தம் கூடுகிறது. செவிப்பறைக்கு உள்ளே நடுச்செவியில் உள்ள காற்று பழைய அழுத்தத்திலேயே இருக்கிறது. எனவே செவிப்பறை உட்புறமாக வளைகிறது. நடுச்செவியிலிருந்து தொண்டைக்கு ஒரு மெல்லிய குழல் உண்டு. மூக்கைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஊதினாலோ, எச்சில் விழுங்கினாலோ அந்தக் குழல் திறந்து காற்று உள்ளே போகும், வலி நீங்கும். வலி வரும்வரை காத்திராமல், இறங்கத் தொடங்கும்போதே இதைச் செய்யவேண்டும். சளி பிடித்திருக்கும்போது குழல் அடைத்துக்கொள்ளும். அப்போது முக்குளித்தால் செவிப்பறை கிழியக்கூடும்.

ஒரே மூச்சில் முத்தெடுத்தவர்கள்

கருவிகள் ஏதுமின்றி ஒரே மூச்சில் கடலடிக்குச் சென்று மீள்வதில் நம் நாட்டவர் பழங்காலத்திலேயே தேர்ந்திருந்தனர். கொற்கை முத்தின் புகழ் நீங்கள் அறிந்ததே. மன்னார் வளைகுடாவில் முத்துச்சிப்பிகள் வளரும் பார்கள் பெரும்பாலும் 10 முதல் 18 மீட்டர் ஆழத்தில் உள்ளன. முத்துக்குளிப்பவர் கனமான கல் கட்டிய கயிற்றில் கால் வைத்து விரைவாக இறங்குவார். ஏறத்தாழ ஒரு நிமிட நேரம் சிப்பிகளைப் பொறுக்கிப் பையில் போடுவார். பிறகு கயிற்றை அசைப்பார். படகில் இருக்கும் துணையாள் இழுத்துக்கொள்வார். கடலடியில் இருப்பவரின் உயிர் கயிற்றைப் பிடித்திருப்பவர் கையில்! தூத்துக்குடிக் கடலில் 1955 முதல் 1961 வரை நடைபெற்ற முத்துக்குளிப்பே அங்கு பெரிய அளவில் நடந்த கடைசி முத்துக்குளிப்பு.

முத்துக்குளிப்பவரின் நுரையீரலில் என்ன நடக்கிறது? மேலே அவர் 6 லிட்டர் காற்றை நிரப்பிக்கொண்டு இறங்குகிறார் என்று கொள்வோம். 10 மீட்டரில் அது 3 லிட்டராகச் சுருங்கும். 20 மீட்டரில் 2 லிட்டர். மேலே வரும்போது அது விரிந்து மறுபடியும் 6 லிட்டராகும்; அதற்கு மேல் ஆகாது. கொண்டுபோன மூச்சையே திருப்பிக் கொண்டுவருகிறார். இதை மறவாதீர்கள். பின்னால் இதனோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருக்கும்.

மூச்சடக்கும் போட்டி வேண்டாம்

கிணற்றிலும் குளத்திலும் யார் அதிக நேரம் மூச்சை அடக்குவது என்று பந்தயம் கட்டுவது இளைஞர்களின் வழக்கம். மூழ்குவதற்கு முன் பத்து இருபது முறை வேகவேகமாக மூச்சை இழுத்துவிட்டால் நெடுநேரம் தாக்குப்பிடிக்கலாம் என்று சிலர் சொல்லிக்கொடுப்பார்கள். அப்படிச் செய்தால் நேரம் கூடுவது உண்மைதான். ஆனால் அது எமனோடு விளையாடும் விளையாட்டு.

மூச்சுவிட வேண்டும் என்ற தவிப்பை நமக்கு உண்டாக்குவது எது? ஆக்சிஜன் குறைவது என்று பலரும் நினைப்பார்கள். உண்மையில் பெரும்பாலும் அது இரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு கூடுவதால் எழுவது. அதுதான் உடலின் எச்சரிக்கை மணி. வேகவேகமாக மூச்சை இழுத்து விடும்போது ஆக்சிஜன் கூடுதலாகச் சேர்வதில்லை. கார்பன் டை ஆக்சைடுதான் வெளியேறிவிடுகிறது. அதாவது எச்சரிக்கை மணியின் நாக்கைக் கழற்றி வைத்துவிட்டு நீருக்குள் இறங்குகிறோம்! ஆக்சிஜன் தீர்ந்துகொண்டே வரும், தவிப்போ வராது, திடீரென்று நினைவு தப்பும். நீருக்குள் நினைவிழந்தவனால் சத்தம் போடவும் முடியாது.

மேலே வரும்போது ஆபத்து இன்னும் கூடுகிறது. 10 மீட்டர் ஆழத்தில் நுரையீரலில் உள்ள காற்றில் ஆக்சிஜன் 8 விழுக்காடாகக் குறைந்துவிட்டது என்று கொள்வோம். அங்கே மொத்த அழுத்தம் 2 வளிமண்டலம். ஆகவே ஆக்சிஜனின் பங்கு 0.16 வளிமண்டலம். நினைவோடு இருக்க அது போதும். அதே காற்றோடு மேற்பரப்புக்கு வந்தால் மொத்த அழுத்தம் பாதியாகிவிடும். ஆக்சிஜனின் பங்கு 0.08 மட்டுமே. மூளைக்கு அது போதாது. நன்றாக நீந்தத் தெரிந்தவர்கள், கரைக்கு வர ஓரிரு முழமே இருக்கும்போது மயங்கி மூழ்கிப்போவதன் காரணங்களுள் இதுவும் ஒன்று.

காற்று கீழே போன கதை

ஒரு டம்ளரைத் தலைகீழாகக் கவிழ்த்து வாளி நீரில் நேராக அமுக்குங்கள். உள்ளே காற்று தங்கியிருக்கும். மனிதன் காற்றைக் கீழே கொண்டுபோன முதல் வழி இதுதான். பெரிய மணி போன்ற கலத்தைக் கவிழ்த்துக் கடலில் இறக்கி அதற்குள் அமர்ந்துகொண்டார்கள். வால்நட்சத்திரத்தால் நாம் அறிந்திருக்கும் எட்மண்ட் ஹாலி 1691-இல் இத்தகைய மணி ஒன்றை அமைத்து, பளுவேற்றிய பீப்பாய்களில் புதுக்காற்றை அனுப்பும் வழியையும் கண்டார். 1837-இல் அகஸ்டஸ் சீபே உருவாக்கிய கவச உடையில், தலையை மூடும் உலோகக் கவசமும் உடலை மூடும் நீர்புகா உடையும் ஒன்றாக இணைந்திருந்தன. கப்பலிலிருந்து குழாய் வழியே காற்றை எந்திரத்தால் அழுத்தி அனுப்பினர். ஆனால் முக்குளிப்பவர் கயிற்றில் கட்டிய கன்றுக்குட்டி போலக் குழாயின் நீளத்துக்குள்தான் நடமாட முடிந்தது.

கட்டவிழ்த்துவிட்ட கருவி 1943-இல் பிரான்சு நாட்டில் பிறந்தது. கடற்படை அதிகாரி ஜாக் கூஸ்தோவும் பொறியாளர் எமில் கான்யானும் சேர்ந்து அதை உருவாக்கினர். போர்க்காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் கார்களை வாயுவில் ஓட்டியபோது, எஞ்சின் கேட்கும் அளவுக்கு மட்டும் வாயுவை விடும் ஒரு வால்வைக் கான்யான் செய்திருந்தார். எஞ்சினுக்குச் செய்வதை நுரையீரலுக்கும் செய்தால் என்ன என்பதுதான் அவர்களுடைய எண்ணம்.

அது வேலைசெய்யும் விதம் எளியது. முதுகில் உள்ள உருளையில் காற்று ஏறத்தாழ 200 வளிமண்டல அழுத்தத்தில் அடைக்கப்பட்டிருக்கும். அதனோடு இணைந்த ஒரு சிறு அறை. அதன் ஒரு பக்கச் சுவர் இரப்பர்ச் சவ்வு. சவ்வின் வெளிப்புறத்தில் கடல்நீர்; உட்புறத்தில் காற்று. மூச்சை உள்ளே இழுத்தால் சவ்வு உட்புறம் வளைந்து ஒரு நெம்புகோலைத் தள்ளும். வால்வு திறந்து காற்று வரும். உள்ளே காற்றின் அழுத்தம் வெளியே நீரின் அழுத்தத்திற்குச் சமமானதும் சவ்வு நிமிர்ந்து வால்வு மூடிக்கொள்ளும். நாம் முதலில் நினைவில் வைத்துக்கொண்ட வாக்கியத்தை இந்தச் சவ்வு ஒவ்வொரு மூச்சிலும் நிறைவேற்றுகிறது. இன்று ஸ்கூபா என்று வழங்கும் கருவி இதன் வழிவந்ததே.

செய்தித்தாள்களில் 'ஆக்சிஜன் சிலிண்டருடன் கடலில் குதித்தனர்' என்று படித்திருப்பீர்கள். அந்த உருளையில் இருப்பது பெரும்பாலும் நாம் விடும் சாதாரணக் காற்றுதான். அது எவ்வளவு நேரம் வரும்? 12 லிட்டர் உருளையில் 200 வளிமண்டல அழுத்தம் என்றால் மொத்தம் 2,400 லிட்டர் காற்று. ஒருவர் நிமிடத்துக்கு 20 லிட்டர் மூச்சிழுப்பதாகக் கொண்டால் மேற்பரப்பில் 120 நிமிடம் வரும். 10 மீட்டரில் ஒவ்வொரு மூச்சிலும் இரு மடங்கு காற்று செலவாவதால் 60 நிமிடம். 30 மீட்டரில் 30 நிமிடந்தான்.

கீழே போனவர் காண்பது வேறோர் உலகம். நீருக்குள் வெறுங்கண்ணால் பார்த்தால் எல்லாம் மங்கலாகத் தெரியும். கண்ணின் முன்படலம் ஒளியை வளைப்பது காற்றிலிருந்து அது உள்ளே புகும்போதுதான். நீரிலிருந்து புகும்போது அவ்வளவாக வளைவதில்லை. கண்ணாடி முகமூடி கண்ணுக்கு முன்னே காற்றைத் தேக்கி வைப்பதால் பார்வை தெளிகிறது. ஆனால் ஒளிவிலகலால் நான்கு முழத் தொலைவிலுள்ள மீன் மூன்று முழத்தில் இருப்பதுபோலத் தோன்றும்! சிவப்பு நிறத்தை நீர் முதலில் விழுங்கிவிடும். 20 மீட்டருக்குக் கீழே விரலில் காயம்பட்டால் இரத்தம் பச்சை கலந்த கறுப்பாகத் தெரியும். ஒலி நீரில் நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் வேகத்தில், காற்றைவிட நான்கு மடங்குக்கும் மேல் விரைவாகப் போகும். இரு காதுகளுக்கும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வந்து சேர்வதால் படகின் ஓசை எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று சொல்ல இயலாது.

முதல் விதி: மூச்சை அடக்காதே

இப்போது முத்துக்குளிப்பவரை நினைவுக்குக் கொண்டு வாருங்கள். அவர் மேலே நிரப்பிய காற்றைக் கீழே கொண்டுபோனார். ஸ்கூபா அணிந்தவரோ கீழே நிரப்பிய காற்றை மேலே கொண்டு வருகிறார். வேறுபாடு சிறியதாகத் தோன்றும். ஆனால் உயிரும் சாவும் அதில்தான் அடங்கியிருக்கின்றன.

10 மீட்டர் ஆழத்தில் கருவியின் வழியே 6 லிட்டர் காற்றை இழுத்து, மூச்சை அடக்கிக்கொண்டு ஒருவர் மேலே வருகிறார் என்று கொள்வோம். மேற்பரப்பில் அழுத்தம் பாதியாவதால் அந்தக் காற்று 12 லிட்டராக விரியப் பார்க்கும். நுரையீரல் 6 லிட்டர் பை! அது கிழியும். கிழிந்த இடத்திலிருந்து காற்றுக் குமிழிகள் இரத்தத்தில் கலந்து மூளைக்குச் சென்று இரத்த ஓட்டத்தை அடைக்கும். நிரம்பிய நுரையீரலோடு இரண்டு மீட்டருக்கும் குறைவாக ஏறினால்கூட இது நேரக்கூடும். பயந்துபோனவன் இயல்பாகச் செய்வது மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே பாய்வதுதான். அந்த இயல்பை மாற்றுவதே பயிற்சியின் முதற்பாடம்.

அழுத்த மாற்றம் எந்த ஆழத்தில் மிகக் கடுமை என்பதையும் பாருங்கள். 30 மீட்டரிலிருந்து 20 மீட்டருக்கு வந்தால் அழுத்தம் 4-லிருந்து 3 ஆகிறது. காற்று மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. 20-லிருந்து 10-க்கு வந்தால் ஒன்றரை மடங்காகிறது. 10 மீட்டரிலிருந்து மேற்பரப்புக்கு வந்தால் இரு மடங்கு. கரை தெரிகிறது, வெளிச்சம் தெரிகிறது, ஆபத்து தீர்ந்தது என்று எண்ணும் கடைசிப் பத்து மீட்டர்தான் மிகவும் பொல்லாதது.

கோலி சோடா சொல்லும் பாடம்

மூச்சை அடக்காமல் வந்தாலும் இன்னொரு தொல்லை காத்திருக்கிறது. இதை விளங்கிக்கொள்ள ஒரு கோலி சோடா போதும். மூடிய புட்டிக்குள் நீர் தெளிவாக இருக்கும். குமிழி ஏதும் தெரியாது. கோலியைத் தட்டியவுடன் குபுகுபுவென்று பொங்கும். அழுத்தம் மிகுந்தால் வாயு நீரில் மிகுதியாகக் கரையும் என்று வில்லியம் ஹென்றி 1803-இல் கண்டறிந்தார். அழுத்தம் திடீரென்று குறைந்தால் கரைந்த வாயு குமிழிகளாக வெளிவரும்.

நாம் விடும் மூச்சில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். உடல் அதைப் பயன்படுத்துவதில்லை. ஆழத்தில் இருக்கும் நேரமெல்லாம் அது இரத்தத்திலும் கொழுப்பிலும் நரம்புத் திசுக்களிலும் மெல்ல மெல்லக் கரைந்து சேர்கிறது. மெதுவாக மேலே வந்தால் அது வந்த வழியே நுரையீரல் மூலம் வெளியேறிவிடும். வேகமாக வந்தால் உடலே சோடா புட்டியாகிவிடும்! மூட்டுகளில் குமிழி தோன்றினால் தாங்க முடியாத வலி. தண்டுவடத்தில் தோன்றினால் கால்கள் செயலிழந்துபோகும்.

இந்த நோயை மனிதன் பெரிய அளவில் சந்தித்தது கடலில் அன்று. பாலம் கட்டும் இடத்தில். நியூயார்க்கின் புரூக்ளின் பாலத்துக்கு ஆற்றின் அடியில் அடித்தளம் தோண்ட, கவிழ்த்த பெட்டி போன்ற பெரும் அறைகளை இறக்கி, நீர் புகாதபடி காற்றை அழுத்திச் செலுத்தினார்கள். உள்ளே மண் தோண்டிய தொழிலாளர்கள் வேலை முடிந்து வெளியே வந்தபின் வலியால் துடித்தார்கள். அங்கு பணியாற்றிய மருத்துவர் ஆண்ட்ரூ ஸ்மித் 110 பேரின் நோயைக் குறித்துவைத்தார். சிலர் இறந்தனர். தலைமைப் பொறியாளர் வாஷிங்டன் ரோப்ளிங் 1872-இல் இந்நோயால் படுக்கையில் விழுந்தார். வலியில் உடலை வளைத்து நடந்ததால் இதற்கு ஆங்கிலத்தில் 'வளைவு' என்று பொருள்படும் 'பெண்ட்ஸ்' என்ற பெயர் நிலைத்தது.

காரணம் நைட்ரஜன் குமிழிகளே என்று 1878-இல் பிரெஞ்சு அறிஞர் பால் பெர் நிறுவினார். உண்மையில் அதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே, 1670-இல், நம் பாயில் ஒரு விரியன் பாம்பைக் காற்று நீக்கிய கலத்தில் வைத்தபோது அதன் கண்ணுக்குள் ஒரு குமிழி அசைந்ததைக் கண்டு எழுதியிருக்கிறார்! ஆனால் எவ்வளவு மெதுவாக ஏறினால் போதும்? இதற்கு விடை கண்டவர் பிரிட்டிஷ் அறிஞர் ஜே. எஸ். ஹால்டேன். ஆடுகளை அழுத்த அறையில் வைத்துப் பல சோதனைகள் நடத்தினார். 2 வளிமண்டலத்திலிருந்து 1-க்குத் திடீரென்று மாற்றினாலும் ஆடுகளுக்குத் தீங்கு நேரவில்லை. ஆகவே அழுத்தத்தைப் பாதியாகக் குறைத்து, சற்று நின்று, மறுபடி குறைத்து, படிப்படியாக ஏறவேண்டும் என்று கணக்கிட்டு அட்டவணைகளை 1908-இல் தம் துணைவர்களோடு வெளியிட்டார். இன்று முக்குளிப்பவர் மணிக்கட்டில் கட்டும் சிறு கணினி அந்த அட்டவணைகளின் வாரிசுதான்.

பொழுதுபோக்காக முக்குளிப்போர் நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேற்படாத வேகத்தில் ஏறி, 5 மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிடம் நின்றபின் மேலே வருவது வழக்கம். முக்குளித்த அன்றே விமானம் ஏறுவதும் கூடாது. விமானத்துக்குள் அழுத்தம் தரையைவிடக் குறைவு அல்லவா? நோய் வந்துவிட்டால் நோயாளியை அழுத்த அறையில் வைத்து, மறுபடி அழுத்தத்தைக் கூட்டி, ஆக்சிஜன் கொடுத்து, மெல்ல மெல்லக் குறைப்பார்கள். காலம் தாழ்த்தினால் பயன் குறையும்.

ஆழம் கூடும்போது நைட்ரஜன் வேறொரு வேடிக்கையும் செய்யும். 30 மீட்டருக்குக் கீழே அது கள்ளைப் போல மயக்கம் தரத் தொடங்கும், அறிவு தடுமாறும். தூய ஆக்சிஜனை நிரப்பிக்கொண்டால் தீராதா என்று கேட்பீர்கள். 6 மீட்டருக்குக் கீழே அழுத்தம் மிகுந்த தூய ஆக்சிஜனே நஞ்சாகி வலிப்பை உண்டாக்கக்கூடும்! அதனால்தான் மிக ஆழத்தில் வேலை செய்வோருக்கு ஹீலியம் கலந்த வாயுவைத் தருகிறார்கள்.

அட்டவணை போய்ச் சேராத இடங்கள்

1908-லேயே வழி தெரிந்துவிட்டதே, இன்று யாருக்கும் இந்த நோய் வராது என்று நினைக்கிறீர்களா? நடு அமெரிக்காவில் ஹோண்டுராஸ் நாட்டுக் கரையோரம் மிஸ்கிட்டோ என்னும் பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். வெளிநாட்டுச் சந்தைக்குப் போகும் சிங்கி இறால்களைப் பிடிக்க அவர்கள் முக்குளிக்கிறார்கள். உரிய பயிற்சியும் இல்லை; ஆழம் காட்டும் கருவியும் இல்லை. ஒரு நாளில் உருளைக்கு மேல் உருளையாகத் தீர்த்துவிட்டு, ஒவ்வொரு முறையும் வேகமாக மேலே வருகிறார்கள். அவர்களுள் நூற்றுக்கணக்கானோர் கால் விளங்காமல் போனார்கள். 42 முக்குளிப்போருக்காக நடந்த வழக்கில், 2021-இல் அமெரிக்கக் கண்டத்து நாடுகளுக்கான மனித உரிமை நீதிமன்றம் ஹோண்டுராஸ் அரசைப் பொறுப்பாக்கித் தீர்ப்பளித்தது. பாதுகாப்பற்ற அந்த வேலையைக் கண்காணிக்க அரசு தவறியது என்பதே குற்றச்சாட்டு.

கடல் கெட்டது என்று அங்கே சொல்வதற்கில்லை. விதி என்று நெற்றியில் அடித்துக்கொள்வதற்கும் இல்லை. பாயில் விதியும் ஹென்றி விதியும் தெரிந்த எந்த மாணவனும் அவர்களுக்கு நேரப்போவதை முன்கூட்டியே சொல்லியிருப்பான். படகில் கம்ப்ரஸரை வைத்துக் குழாய் வழியே காற்று விட்டு முக்குளிக்கும் முறை உலகின் பல மீனவர் கரைகளில் இருக்கிறது. அந்தக் காற்றும் நைட்ரஜன் கலந்த, அழுத்தம் மிகுந்த காற்றுதான். உருளை தீர்ந்துவிடும் என்ற கட்டுப்பாடுகூட இல்லாததால் மணிக்கணக்கில் கீழே இருந்துவிட முடிகிறது. எஞ்சினின் புகை காற்றுக்குழாயில் கலந்தால் கார்பன் மோனாக்சைடு நஞ்சும் சேரும். உங்களுக்குத் தெரிந்தவர் யாரேனும் இப்படித் தொழில் செய்தால் கோலி சோடாவின் பாடத்தை அவரிடம் சொல்லுங்கள். மேலே வந்தபின் மூட்டுவலி, மரமரப்பு, கால் தளர்ச்சி ஏதேனும் தோன்றினால் அது வெறும் களைப்பன்று. உடனே மருத்துவமனைக்குப் போகவேண்டும், கடலில் முக்குளித்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லவேண்டும்.

கற்றுக்கொள்ள விரும்பினால்

முக்குளித்தல் அஞ்சி ஒதுங்க வேண்டிய கலையன்று. நம் கடற்படையின் முக்குளிப்புப் பள்ளி கொச்சியில் இருக்கிறது. அந்தமான், இலட்சத்தீவு, புதுச்சேரி ஆகிய இடங்களில் பொதுமக்களுக்கும் பயிற்சி தருகிறார்கள். கடலுயிரியல், தொல்லியல், துறைமுகப் பணி, மீட்புப் பணி என்று பல துறைகளில் முக்குளிக்கத் தெரிந்தவர்கள் தேவைப்படுகிறார்கள். அதற்குமுன் நீங்கள் செய்யவேண்டியவை சில உண்டு.

முதலில் நன்றாக நீந்தக் கற்றுக்கொள்ளுங்கள். காது, மூக்கு, நுரையீரல் நலமாக உள்ளனவா என்று மருத்துவரிடம் காட்டிக்கொள்ளுங்கள். பயிற்சி பெறாமல், பிறருடைய கருவியை 'ஒரு தடவை மட்டும்' என்று வாங்கி மாட்டிக்கொண்டு இறங்காதீர்கள். ஒருபோதும் தனியாக மூழ்காதீர்கள். கயிற்றைப் பிடித்திருக்கும் துணையாள் முத்துக்குளிப்பவருக்கு மட்டும் உரியவர் அல்லர். மூழ்குமுன் வேகவேகமாக மூச்சிழுக்காதீர்கள். காது வலித்தால் மேற்கொண்டு இறங்காதீர்கள். கருவியோடு இருக்கும்போது மூச்சை அடக்காதீர்கள். மேலே வரும்போது, நீங்கள் விட்ட மூச்சின் மிகச் சிறிய குமிழிகளைப் பாருங்கள். அவற்றை முந்திக்கொண்டு ஏறாதீர்கள்.